சோதனைச்சாவடிக்கு அப்பால் இருந்தவர்கள்

இலங்கையில் இரண்டு சொற்றொடர்கள் உண்டு. அவற்றைக் கேட்டவுடன் பத்திரிகைக்காரன் பேனாவை மூடிவிட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. ஒன்று, தேசிய பாதுகாப்பு. மற்றது, முதலீட்டாளர் நம்பிக்கை. செய்தி மேசையில் நான் கழித்த ஆண்டுகளில் இரண்டின் பெயராலும் தொலைபேசி அழைப்புகள் வந்திருக்கின்றன. "யுத்தம் நடக்கிறது, இந்த நேரத்தில் இதைப் போடலாமா?" என்று ஒருவர் கேட்பார். "சந்தை ஆட்டங்கண்டிருக்கிறது, இந்த நேரத்தில் இதைப் போடலாமா?" என்று இன்னொருவர் கேட்பார். குரல்கள் வேறு, கேள்வி ஒன்றுதான்.

அந்தக் கேள்விக்கு இன்று பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். மாத்தளை மாவட்டத்தை முன்வைத்து எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி மாத்தளை, நாவுல, தம்புள்ளை ஊடாகத்தான் வடக்கே ஏறுகிறது. திருகோணமலைக்குப் போகும் வீதியும் தம்புள்ளையைத் தொட்டே போகிறது. போர் நடந்த காலத்தில் படை வாகனங்கள் இரவும் பகலும் உருண்ட பாதைகள் இவை. அதே மாவட்டத்தின் தெற்கிலும் கிழக்கிலும் இரத்தோட்டை, எல்கடுவ பக்கம் மலையேறினால் தேயிலைத் தோட்டங்களும் லயன் அறைகளும். நாட்டின் சந்தேகம் யார்மீது விழுந்தது, நாட்டின் நம்பிக்கை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று பார்க்க இதைவிட வசதியான இடம் எனக்குத் தெரியவில்லை.

2006 ஒக்டோபர் 16 ஆம் திகதி தம்புள்ளைக்கும் ஹபரணைக்கும் இடையிலுள்ள திகம்பத்தனவில் வெடிமருந்து நிரப்பிய லொறியொன்று கடற்படையினரின் பஸ் தொடருக்குள் புகுந்தது. விடுமுறையில் வீடு செல்வோரும் விடுமுறை முடிந்து திருகோணமலைத் தளத்துக்குத் திரும்புவோரும் வாகனம் மாறும் இடம் அது. தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கையில் ஆயுதமில்லாத இளைஞர்கள். சிங்களக் கிராமங்களின் ஏழைப் பிள்ளைகள். (வடக்கு, கிழக்கு இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே நாளில்தான். மறுநாள் பத்திரிகைகளின் முதற்பக்கத்தை நினைத்துப் பாருங்கள்.)

ஒரு பாதுகாப்பு நிருபர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தளத்துக்கு வெளியே, திறந்த வீதியோரத்தில், அத்தனை பேரை ஒரே இடத்தில் இறக்கி ஏற்றும் ஏற்பாட்டை யார் வகுத்தார் என்பது. அதில் இரகசியம் கசிய வேண்டிய தேவையே இல்லை, ஏற்பாடே ஊரறிந்தது. ஆனால், அந்தக் கேள்வி மெல்ல மறைந்துபோனது. பதிலாக, தேடுதல் தொடங்கியது. தேடப்பட்டவர்கள் எவர் என்று மாத்தளைத் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை என்று நான் வாதிடவில்லை. சாதாரண அடையாள அட்டையோடு, சாதாரண வாடகை அறையில், சாதாரணத் தமிழர்போல வாழ்ந்து நாள் பார்த்திருந்த ஆட்களைப் புலிகள் தென்னிலங்கையில் வைத்திருந்தார்கள். 2008 பெப்ரவரி 2 ஆம் திகதி தம்புள்ளை பஸ்ஸில் வெடித்த குண்டு, அனுராதபுரம் போகப் புறப்பட்ட யாத்திரிகர்களைக் கொன்றது. அந்தக் குண்டை வைத்தவர்கள் பயணிகளை மட்டும் கொல்லவில்லை; மாத்தளையில் பஸ் ஏறும் ஒவ்வொரு தமிழனையும் சந்தேகநபராக்கிவிட்டுப் போனார்கள். அதை மறைத்துக்கொண்டு அரசை மட்டும் ஏசுகின்ற எழுத்தில் எனக்கு மரியாதை கிடையாது.

ஆனால், அரசு செய்தது என்ன? ஓர் ஆளைத் தேட ஓர் இனத்தையே வரிசையில் நிறுத்தியது. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் முந்நூற்றுக்கும் மேற்பட்டோரை இரவோடிரவாக பஸ்களில் ஏற்றி நகரைவிட்டு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் தடுத்தது; பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவிக்க வேண்டி வந்தது. மாத்தளை மலைகளில் நிலைமை இன்னும் எளிமையாக இருந்தது. 1948 இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, பல பத்தாண்டுகள் நாடற்றவராக இருந்துவிட்டு வந்த சமூகத்தில் பலரிடம் காட்டுவதற்கு அடையாள அட்டையே இல்லை. அட்டை இல்லாதவன் யார் என்று நிரூபிக்கும் பொறுப்பும் அவனுடையதே.

2007 இல் ஒரு நாள் மாத்தளை போகும் பஸ்ஸில் நானும் இறங்கி வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி ஒருவர். பிளாஸ்ரிக் பையில் பத்திரமாகச் சுற்றிய காகிதம் ஒன்று. சிப்பாய் அதை விரித்துப் பார்த்தான். அவனுக்கும் இருபது வயதிருக்கும், முரடன் அல்லன். "என்ன இது?" என்று கேட்டான். "சேமலாப நிதிக் கடுதாசி மாத்தயா, மத்திய வங்கி அனுப்பினது" என்றார் கிழவர். சிப்பாய் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அந்தக் காகிதத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

உள்ளிருந்து வரும் ஆபத்து என்று எல்லோரும் பேசுகிறார்கள். பதிவில் உள்ள சம்பவங்களை எடுத்துப் பாருங்கள். 1987 ஜூலை 30 ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியைத் துப்பாக்கியின் அடிப்பாகத்தால் தாக்கியவர் விஜித ரோஹண. அவர் இலங்கைக் கடற்படையின் மரியாதை அணிவகுப்பிலேயே நின்றவர். ஆறாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. ஜனாதிபதி பிரேமதாச மன்னித்து விடுதலை செய்தார். மூன்று வாரங்கூடக் கழியவில்லை. ஓகஸ்ட் 18 ஆம் திகதி பாராளுமன்றக் கட்டடத்துக்குள் ஆளுங்கட்சிக் குழுக் கூட்டத்தில் கைக்குண்டு வீசப்பட்டது. மாத்தறை மாவட்ட அமைச்சர் கீர்த்தி அபேவிக்கிரம உயிரிழந்தார். தேசிய பாதுகாப்பு அமைச்சர் லலித் அத்துலத்முதலி படுகாயமடைந்தார். நாட்டின் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் நாட்டின் மிகவும் காவலுள்ள அறையில் அடிபட்டார்! பிரதான சந்தேகநபராகக் குறிக்கப்பட்டவர் அந்தக் கட்டடத்திலேயே பணிபுரிந்த ஊழியர். 1988 ஏப்ரலில் அவர் பிடிபட்டது இதே மாத்தளை மாவட்டத்து நாவுலவில். குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் 1990 இல் விடுதலையாயினர் என்பதையும் சேர்த்துச் சொல்வது நியாயம்.

இந்த இரண்டு சம்பவங்களிலும் தமிழர் எவரும் இல்லை. ஆயினும், அதற்காகச் சிங்கள இனத்தையே யாரும் பஸ்ஸிலிருந்து இறக்கவில்லை, இறக்கவும் கூடாது. (இறக்கப்பட்டவர்கள் ஏழைச் சிங்களக் கிராமத்து இளைஞர்கள் மட்டுமே. ஜே.வி.பி. வேட்டையில் மாத்தளையில் காணாமற்போனவர்களின் கணக்கு இன்றுவரை தீரவில்லை. 2012 இல் மாத்தளை வைத்தியசாலை வளவில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிளம்பியபோது, அவை எந்தக் காலத்தவை என்பதிலேயே நிபுணர்கள் முரண்பட்டார்கள். அது தனியே எழுதவேண்டிய விடயம்.)

அடுத்தது 2002 ஜனவரி. அத்துருகிரிய மிலேனியம் சிட்டி வீட்டுத் தொகுதியில் இராணுவப் புலனாய்வின் இரகசிய இல்லமொன்றைப் பொலிஸார் முற்றுகையிட்டார்கள். ஆட்சி மாறிய நேரத்து அரசியல் சந்தேகந்தான் காரணம். இல்லம் அம்பலமானது, அங்கு தொடர்புபட்ட தகவலாளர்கள் அதன்பின் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். அந்த இரகசியத்தைப் போட்டுடைத்தது எந்த லயன் அறையும் அல்ல. அரசின் ஒரு கை அரசின் மறுகையை முறித்தது.

ஆப்கானிஸ்தானில் 2012 இல் அமெரிக்கரும் இதே பாடத்தைப் படித்தார்கள். தாங்கள் பயிற்றுவித்த ஆப்கான் சிப்பாய்களாலேயே அவ்வாண்டில் கூட்டுப்படையினர் அறுபது பேரளவில் சுடப்பட்டு இறந்தனர். எல்லாவற்றையும் தலிபான் ஊடுருவல் என்று சொல்வது வசதியாக இருந்திருக்கும். ஆனால், அவர்களது தளபதிகளே, கணிசமான சம்பவங்களுக்குத் தனிப்பட்ட அவமதிப்பும் மனக்கசப்பும் காரணம் என்று ஒப்புக்கொண்டார்கள். எல்லோரையும் சந்தேகிப்பவன் புதிய பகைவரைத் தானே உற்பத்தி செய்கிறான்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். போர்த் தளத்துக்கும் கம்பனிக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு மிக்-27 விமானக் கதை போதும். 2006 இல் உக்ரேனிலிருந்து விமானப்படைக்கு நான்கு மிக்-27 போர் விமானங்கள் வாங்கப்பட்டன. இடையில் பெலிமிஸா ஹோல்டிங்ஸ் என்றொரு பெயர். யார் அவர்கள், பணம் எங்கே போனது என்று 2007 இல் எழுதிய சண்டே டைம்ஸ் பாதுகாப்பு நிருபர் இக்பால் அத்தாஸ் மிரட்டப்பட்டார். தொடர்ந்து எழுதிய சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8 ஆம் திகதி நடுவீதியில் கொல்லப்பட்டார். குற்றச்சாட்டுகள் நீதிமன்றம் சென்றன. கொலைக்கு இன்னும் எவரும் தண்டிக்கப்படவில்லை. தளத்துக்குள் யார் நுழைந்தார்கள் என்று கேட்டவர்களுக்குத்தான் துரோகி என்ற பட்டம் கிடைத்தது.

லசந்த கொல்லப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னர், 2008 டிசம்பரில், கோல்டன் கீ உடைந்தது. செலிங்கோ குழுமத்தின் கடனட்டைக் கம்பனி அது. வைப்புப் பெறுவதற்கான மத்திய வங்கியின் உரிமம் இல்லாமலே, வங்கிகள் கொடுக்காத வட்டியைக் காட்டி, ஒன்பதாயிரம் பேரளவில் சுமார் 26 பில்லியன் ரூபாவை வாங்கி வைத்திருந்தது. ஓய்வூதியக்காரர், ஆசிரியர், விதவைகள், வெளிநாட்டில் உழைத்து அனுப்பியவர்கள் என்று எல்லா இனத்தாரும் அதில் இருந்தார்கள். பீதி செலான் வங்கிக்கும் பரவ, மத்திய வங்கி தலையிட்டு அதன் நிர்வாகத்தை இலங்கை வங்கியிடம் கொடுத்தது. குழுமத்தின் தலைவர் லலித் கொத்தலாவல கைதாகி, வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 2023 இல் காலமானார். அதே குழுமத்தில் இருந்த த பினான்ஸ் கம்பனி தடுமாறித் தடுமாறி நடந்து, 2020 மே மாதம் உரிமம் இழந்தது. அப்போது ஒருவருக்கு 6 இலட்சம் ரூபா வரைதான் வைப்புக் காப்புறுதி இருந்தது.

2008 டிசம்பரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கிளிநொச்சி விழப்போகும் வாரங்கள். நாட்டில் எத்தனை சோதனைச்சாவடிகள்! கீரைக் கட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். சோற்றுப் பொதியைப் பிரித்துப் பார்த்தார்கள். கொழும்பின் குளிரூட்டிய மண்டபத்தில் உரிமமில்லாமல் பில்லியன்களை வாங்கியவர்களின் பையை எவரும் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் முதலீட்டாளர் நம்பிக்கை போய்விடுமாம்.

இனி அந்தக் கிழவரின் காகிதம். தோட்டத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதத்தைப் பிடித்து, தோட்டம் 12 வீதத்தைச் சேர்த்து, ஊழியர் சேமலாப நிதிக்கு அனுப்ப வேண்டும் என்பது 1958 ஆம் ஆண்டின் சட்டம். அந்தப் பணத்தை முதலிடுவது மத்திய வங்கி. அதாவது, லயன் அறையில் இருப்பவர் இலங்கை அரசின் கடன் பத்திரங்களில் பணம் போட்டிருக்கும் முதலீட்டாளர். அவரிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை என்பது வேறு கதை.

1996 ஜனவரி 31 ஆம் திகதி அதே மத்திய வங்கியின் வாசலில் புலிகளின் லொறி வெடித்துத் தொண்ணூறு பேரளவில் கொல்லப்பட்டார்கள். அதன்பின் அந்த வளவைச் சுற்றி எழுந்த தடைகளையும் வேலிகளையும் கொழும்பு கோட்டையில் நடந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2015 பெப்ரவரி 27 ஆம் திகதி, ஒரு பில்லியன் ரூபாவுக்கென அறிவித்த முப்பதாண்டு முறி ஏலத்தில் பத்து பில்லியனுக்கு மேல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பெரும் பங்கு பெற்றது பேர்பெச்சுவல் ட்ரெசரீஸ். அதன் பின்னணியில் இருந்த அர்ஜுன் அலோசியஸ், மத்திய வங்கி ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகன். ஜனாதிபதி ஆணைக்குழுவின் அறிக்கை 2017 டிசம்பர் 30 ஆம் திகதி கையளிக்கப்பட்டது. அந்தக் கம்பனி முறி வியாபாரத்தில் 11 பில்லியன் ரூபாவுக்கு மேல் இலாபம் ஈட்டியது என்றும், உள்தகவல் அதற்குக் கைகொடுத்தது என்றும் அறிக்கை கூறியது. ஊழியர் சேமலாப நிதி இரண்டாம் சந்தையில் கூடிய விலைக்கு முறிகளை வாங்கி நட்டப்பட்டதையும் அது எழுதியிருக்கிறது. 2018 இல் மகேந்திரனுக்கு எதிராகப் பிடியாணை பிறந்தது. அவர் சிங்கப்பூரிலிருந்து வரவில்லை.

வேலியைத் தாண்டாமலே உள்ளே போக வழியிருந்தது. அந்த வழியில் நின்றவர்களிடம் அடையாள அட்டை கேட்கும் பழக்கம் எவருக்கும் இருக்கவில்லை. (மகேந்திரன் ஒரு தமிழர், ஆகவே பேசாமல் இருப்போம் என்று நம்மவர் சிலர் அப்போது சொன்னதைக் கேட்டிருக்கிறேன். மகேந்திரன் தமிழர் என்பதாலேயே இது நடந்தது என்று மறுபக்கத்தில் சிலர் எழுதினார்கள். இரண்டு கூட்டத்துக்கும் இரத்தோட்டைத் தோட்டத்துக்காரர் கணக்கிலேயே இல்லை.)

மாத்தளையில் இதைவிட வெளிப்படையான ஒரு கூத்தும் நடந்தது. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி ஆகிய மூன்றும் அரசின் கையிலுள்ளவை. தொழிலாளருக்குச் செலுத்த வேண்டிய சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் இவை ஆண்டுக்கணக்கில் நிலுவையாக்கின. தனியார் முதலாளி செய்தால் தொழில் திணைக்களம் வழக்குப் போடும். அரசே செய்தால்?

"நீர் சொல்வதெல்லாம் சரி, ஆனால் இவற்றைத் திரும்பத் திரும்பக் கிளறினால் வெளிநாட்டுப் பணம் வராது" என்று நண்பர் ஒருவர், கொழும்பில் வியாபாரப் பத்தி எழுதுபவர், என்னுடன் அடிக்கடி சண்டைபிடிப்பார். அவரது வாதத்தில் ஒரு நியாயம் உண்டு. 2001 ஜூலை 24 ஆம் திகதி கட்டுநாயக்க விமான நிலையம் தாக்கப்பட்டபோது போர்க்காப்புறுதிக் கட்டணம் ஏறி, கப்பல்கள் கொழும்பைத் தவிர்த்தன. அந்த ஆண்டு பொருளாதாரம் சுருங்கியது. அச்சம் உண்மையில் பணத்தைத் துரத்தும். ஆனால், துரத்தியது குண்டும் பாதுகாப்பின் ஓட்டையும். குண்டு வெடித்தது என்று எழுதிய பத்திரிகையல்ல.

ஹைதராபாத்தைப் பாருங்கள். 2009 ஜனவரி 7 ஆம் திகதி சத்யம் நிறுவனத்தின் ராமலிங்க ராஜு, 7,000 கோடி ரூபாவளவில் கணக்கில் புனைந்ததாகத் தாமே கடிதம் எழுதினார். சில நாள்களிலேயே இந்திய அரசு இயக்குநர் சபையைக் கலைத்தது. ராஜு சிறை சென்றார். ஏப்ரலில் நிறுவனம் டெக் மஹிந்திராவின் கைக்குப் போனது. 2015 இல் தண்டனையும் வந்தது. இந்திய நீதி வேகமானது என்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும், கள்ளக்கணக்கு மறைக்கப்படவில்லை என்பதே வாடிக்கையாளரைத் தங்கவைத்தது. அமெரிக்காவில் 2001 இல் என்ரோன் வீழ்ந்தபோது அதன் ஊழியர்கள் ஓய்வூதியச் சேமிப்பை அந்த நிறுவனப் பங்குகளிலேயே வைத்துத் தொலைத்தார்கள். மேலே இருந்தவர்கள் அதற்கு முன்பே விற்றுவிட்டார்கள். அங்கும் வேர்வை சிந்தியவன்தான் கடைசியில் அறிந்தான். ஆனால், மேலிருந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். அடுத்த ஆண்டே கணக்காய்வுச் சட்டம் மாறியது.

நம் நாட்டில் 2019 ஏப்ரல் 4 ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தும் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. எச்சரிக்கை கையிலிருந்த மேலிடத்தாரின் பொறுப்பை உயர் நீதிமன்றம் சொல்ல 2023 ஜனவரி ஆனது. முஸ்லிம் கடைகள்மீதும் முஸ்லிம் பெண்களின் உடைமீதும் சந்தேகம் விழ ஒரு வாரம்கூட ஆகவில்லை. பொருளாதாரத்தைக் குப்புறத் தள்ளியவர்கள் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினர் என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பர் 14 ஆம் திகதி பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் அதில் அடக்கம். மனுதாரருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா. அவ்வளவே.

அதே ஆண்டு ஜூலை முதலாம் திகதி பாராளுமன்றம் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பை ஏற்றது. வங்கிகளிடமிருந்த முறிகளைத் தொடவில்லை. வங்கி குலைந்தால் வைப்பாளர் நம்பிக்கை குலையும், வங்கிகள் ஏற்கனவே கூடிய வரி கட்டுகின்றன என்றார்கள். ஓய்வூதிய நிதிகளிடம்தான் கைவைத்தார்கள். பழைய முறிகளைக் கொடுத்து, 2025 வரை 12 வீதமும் அதன்பின் 9 வீதமும் தரும் புதிய முறிகளை எடு. எடுக்காவிட்டால் 30 வீத வரி கட்டு. சேமலாப நிதி எடுத்தது. நாட்டின் கடன் முறிந்தபோது யாருடைய நம்பிக்கை காக்கப்பட வேண்டும், யாருடையது காத்திருக்கலாம் என்ற பட்டியல் அன்று அச்சில் வந்தது.

2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக வர்த்தமானியில் வந்தது. எட்டு வீதம் 108 ரூபா; பன்னிரண்டு வீதம் 162 ரூபா; ஒரு நாள் வேலைக்கு 270 ரூபா மத்திய வங்கிக்குப் போனது. அவ்வாண்டு முடிவில் அந்த நிதி 4 டிரில்லியன் ரூபாவைத் தாண்டியிருந்தது. அதன் முதலீட்டுக் கணக்கை ஆண்டுதோறும் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு தோட்டத்துக் கொழுந்து மடுவத்திலும் ஒட்டட்டும். எல்கடுவவிலும் மற்றத் தோட்டங்களிலும் எந்த ஆண்டுக்கு எவ்வளவு நிலுவை என்பதைப் பெயர்வாரியாகப் பக்கத்தில் ஒட்டட்டும். ஒட்டிய தாளைப் படிக்க யார் வருகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால், அங்கே ஒரு சோதனைச்சாவடியும் போட்டுக்கொள்ளட்டும். எங்கள் சனத்துக்கு வரிசையில் நின்று பழக்கம் உண்டு.